எண்பத்தேழாம் பக்கத்துக் கட்டைவிரல்

நிபுணர் அவர்களுக்கு,

வீட்டுல கூப்பிடற மாதிரி எழுத மனசு வரல.

எங்க நூலகத்துப் புத்தகங்களை ஸ்கேன் பண்ண யோசனை சொல்ல வந்தீங்க. பெண்டாட்டி வேலை பார்க்கற இடம்னு தெரிஞ்சா இந்த வேலை கிடைக்காதுன்னு மறைச்சீங்க. நானும் வாயைத் திறக்கல.

ஸ்கேன் வேண்டாம்னா சொன்னேன்? ஒவ்வொரு பக்கமும் சரியா விழுந்திருக்கான்னு பார்த்துட்டுப் பழசைக் கழிக்கலாம்னுதான் சொன்னேன். கமிட்டித் தலைவர் பக்கம் திரும்பி, "இந்த அம்மாவுக்கு மெஷின்னாலே பயம்"னு சிரிச்சீங்க. இருபது வருஷமா உங்களோட குடும்பம் நடத்தறவளுக்கு அந்தப் பேரு!

செஞ்சு காட்டறேன்னு நீங்களே கையால பிடிச்சு ஸ்கேன் பண்ணின ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்கு வேற பிரதியே கிடையாது. போன வாரம் அதையும் காகிதக் கூழாக்க அனுப்பியாச்சு. நேத்து ஒருத்தர் எண்பத்தேழாம் பக்கம் கேட்டார். கம்ப்யூட்டர்ல திறந்தேன். ஆறு வரியை மறைச்சுக்கிட்டு உங்க கட்டைவிரல், கதவுல நசுங்கின தழும்போட. புத்தகத்துலயே அதுதான் பளிச்சுனு விழுந்திருக்கு.

நாளைக்குக் கூட்டத்துல அந்தப் பக்கத்தைத் திரையில போடறேன். யார் விரல்னு கேட்டா சொல்லிடுவேன். தழும்பை வெச்சே கண்டுபிடிக்க இந்த அம்மாவால எப்படி முடிஞ்சதுன்னு கேட்டா, பதிலை நீங்க சொல்லுங்க.

மெஷினுக்குப் பயந்த அம்மா