அருவிக்காரருக்கு நீச்சல்

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாலு நாளாய் என் போனை எடுக்கவில்லை, சரி. லீவு முடிந்து துபாயில் நீங்கள் வேலை பார்க்கும் அதே சொகுசுப் படகுக்குத் திரும்பும் ஆசிப்பிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவன் எல்லாம் சொன்னான். நடுக்கடலில் இன்ஜின் புகைந்து, கேப்டன் குதிக்கச் சொன்னபோது, நீங்கள் கால் சுளுக்கு என்று கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றீர்களாமே! புகை தானாக அடங்கியது. தீப்பிடித்திருந்தால்?

"நான் குத்தாலத்துக்காரன், தண்ணியிலயே பொறந்தவன்" என்று அளந்து வேலை வாங்கியது யார்? அருவியில் தலையைக் கொடுத்தால் நீச்சல் வந்துவிடுமா?

ஆமாம், உங்கள் மலையாளிக் கேப்டனுக்குப் போன் போட்டது நான்தான். "அவுகளுக்கு நீச்சல் தெரியாது சேட்டா, கரையிலயே விட்டுருங்க" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

வேலை போனால் போகட்டும். வருடக்கணக்கில் கோபப்படுங்கள். கோபப்பட ஆள் இருந்தால் போதும் எனக்கு.

காட்டிக்கொடுத்த உங்கள் வாயாடிப் பெண்டாட்டி