ரகசியக் கலியாணத்துக்கு எனக்கும் அழைப்பு

என் அன்பு ஸ்டெல்லா அக்கா,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. சிறுவர் உரிமைப் பிரிவில் உங்கள் மேசை இன்னும் எனக்கு எதிரேதான் இருக்கிறது. எல்லோரும் அதன்மேல் கோப்புகளைப் போட்டுவிட்டு, பிறகு அவற்றை அறை முழுக்கத் தேடுகிறார்கள்.

போன மாதம் நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எங்கள் வாவிக்கரை ஒழுங்கையில் ஒரு ரகசியக் கலியாணம். பெண்ணுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. மாப்பிள்ளை கத்தாரிலிருந்து லீவில் வந்தவர், முப்பதை நெருங்குகிறார். மேளம் இல்லை, பதிவு இல்லை, வீட்டுக்குள்ளேயே தாலி. ஆனால் ஒழுங்கையில் ஒரு வீட்டை விட்டுவிட்டு மற்ற வீட்டுக்குச் சொல்ல நம் பெண்களால் முடியுமா? அன்று காலை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்த பெண்ணின் தாய் என் வாசற்படலையிலும் வந்து நின்றார்.

“பத்து மணிக்கு வந்திருங்க மிஸ். ஒருத்தருக்கும் தெரியாமத்தான் செய்யிறம். உங்களுக்குச் சொல்லாம விட்டா மறுகா குறை நினைப்பீங்க.”

“நான் எங்க வேலை செய்யிறன் எண்டு தெரியுந்தானே?”

“ஓம் மிஸ். அதுதான் நேர வந்து சொல்லுறன்.”

பதினாறு ஆகாத பிள்ளையை ஒருவனோடு அனுப்பினால், தாலி இருந்தாலும், பிள்ளையே சம்மதித்தாலும், சட்டத்தில் அது வன்புணர்வுதான் என்று அங்கேயே சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, “எண்டாலும் சாப்பாட்டுக்கு வந்திருங்க” என்றார்.

அவர் அடுத்த படலைக்குப் போனதும் பொலிசுக்கு அழைத்தேன். ஜீப் வருமுன் தாலி ஏறிவிடுமோ என்ற பயத்தில் நானே முன்னால் போனேன். முன்வரிசையில் இருத்தி, இனிப்புக்கென்று தொதல் தட்டை மடியில் வைத்துவிட்டார்கள். உங்களுக்கு உயிரான தொதல். வழக்கு வீட்டில் தேத்தண்ணீர்கூடக் குடிக்காதே, சாட்சி சொல்லும்போது நாக்கில் அவர்கள் சீனி இருக்கக் கூடாது என்பீர்களே. நான் தொடவில்லை.

சேலைக்குள் காணாமல் போயிருந்த பிள்ளை என்னருகே குனிந்தாள். “மிஸ், நாளைக்குக் கணக்குச் சோதினை. நான் ஒண்டும் படிக்கல்ல.”

அக்கா, அதோடு என் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

நல்லவேளை, தாலி ஏறுமுன் ஜீப் வந்தது. வந்ததும் மாப்பிள்ளை பின்வேலியால் பாய்ந்தார். வாவிச் சேறு முழங்கால்வரை பிடித்துக்கொண்டது. பட்டு வேட்டியோடு நின்றவரை இரண்டு பொலிஸ்காரர் இழுத்தெடுத்தார்கள். பேசி முடிப்போம் என்று பெரியவர்கள் வந்தார்கள். இது பேசி முடிக்கிற விஷயமில்லை என்று உங்களைப் போலவே சொன்னேன். குரல் மட்டும் நடுங்கியது. நீங்கள் இருந்தால் நடுங்கியிருக்குமா?

இப்போது வழக்கு நடக்கிறது. பிள்ளை சோதனை எழுதி, தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். முப்பத்தேழு புள்ளி. அந்த முப்பத்தேழைப் பார்த்து நான் அழுதேன்.

தாய் மூன்று வாரம் என் படலையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேற்று அவரே வந்து நின்றார். “பதினெட்டு முடியட்டும் மிஸ். அவளுக்கு விருப்பமெண்டாச் செய்வம். அப்பயும் உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவன்.”

அந்த நாள் வந்தால் பிறப்புச் சான்றிதழை என் கையில் வாங்கிப் பார்ப்பேன். விருப்பமா என்று அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்பேன். ஓம் என்று அவள் வாயால் சொன்ன பிறகு, உங்கள் பங்குத் தொதலையும் சேர்த்து நானே சாப்பிடுவேன்.

அதுவரை தொதலுக்குப் பட்டினியாகவே இருக்கும்,
உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி