தொடக்கூடாத மண்திட்டு

பான்ஸ்வாடா

அப்பாவுக்கு ரமீலாவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

குளம் வெட்டும் வேலைக்காக ஊராட்சிக்காரர்களுக்கு வகுப்பெடுத்தேன். "நடுவுல ஒரு திட்டைத் தோண்டாம விடுங்க. பழைய தரைமட்டத்துக்கு அதுதான் சாட்சி, அதை வச்சுத்தான் ஆழத்தை அளப்பாங்க, யாரும் தொடாதீங்க" என்றேன். போய்ப் பார்த்தால் அதற்குச் செந்தூரம் பூசிக் கொடி நட்டிருக்கிறார்கள். அளக்க வந்த ஓவர்சியரைக் கிட்டே விடவில்லை. அளக்காமல் தோண்டியவர்களுக்குக் கூலி வராது.

"நீங்கதானே மேடம் தொடக்கூடாதுன்னீங்க? இப்ப பைரவர் குடியேறிட்டாரு" என்கிறார் ஊராட்சித் தலைவர் ஹுர்ஜி. என் மேலதிகாரியோ, "சொல்லிக்கொடுத்தது நீ, நீயே பேசி முடி" என்கிறார்.

மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள், தனியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

மழை பெய்தால் திட்டு கரைந்துவிடும், கூலியும் போய்விடும். நம் மக்காச்சோளம் வாடுவது தெரியும். ஆனாலும் மழை வேண்டாமென்று அந்தப் பைரவரிடமே வேண்டிக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ் வந்துவிட்டது.

ரமீலா