சிகாகோவுக்கு எத்தனையாவது இடம்?

நண்பா ஐசம்,

நிலாவில் மனிதன் கால் வைத்ததும் நம் இரும்பாலையில் வேலைநிறுத்தம் நடந்ததும் ஒரே கோடையில்தான். லெமுவேலின் காரில் நாம் மூவரும் ஆறு பேஸ்பால் மைதானங்களைச் சுற்றினோம்.

கடைசி நாள், பெட்ரோல் பங்கில் நிறுத்தி, எதற்கு முதலிடம் என்று ஓட்டுப் போட்டோம். உனக்கு டெட்ராய்ட். எனக்குச் சிகாகோ, அங்கே கொடிக்கம்பத்தைப் பார்த்தாலே, காற்று பந்தைத் தூக்குமா அமுக்குமா என்று சொல்லிவிடுவேன். லெமுவேல் என் பக்கம் சாய்ந்தான். நீ தாளில் எழுதினாய்.

"டெட்ராய்ட்தான் மொதல்னு எழுதிட்டேன்டா. ஒனக்குப் படிக்கவா தெரியும்?" என்று சிரித்தாய். பெட்ரோல் போட்டவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"வம்புக்குச் சொல்றான்டா, ஏறு வண்டியில," என்றான் லெமுவேல். நான் ஏறவில்லை. பஸ்ஸில் வீடு வந்தேன். அதோடு நம் பேச்சு நின்றது.

போன வாரம் லெமுவேலை அடக்கம் செய்தோம். அவன் பத்திரமாக வைத்திருந்த அந்தத் தாளை அவன் மனைவி என்னிடம் தந்தாள். இந்தக் கடிதத்தை எழுதும் என் மகள்தான் படித்துக் காட்டினாள். முதல் வரியே சிகாகோவாம். பக்கத்தில், "இவன் காற்றையே படிக்கிறான்" என்று நீ எழுதியிருக்கிறாயாம்.

மூன்று தடவை படிக்கச் சொன்னேன். காது மந்தம் என்று சொல்லிவைத்தேன்.

ஜூலையில் சிகாகோ மைதானத்துச் சுவரெல்லாம் படர்ந்த செடிக்கொடி பச்சையாக இருக்கும். வருகிறாயா? கார் ஓட்ட லெமுவேல் இல்லை. அந்த வண்டியில் வந்தவர்களில், என்னை விட்டால், மிச்சம் நீ ஒருவன்தான், ஐசம்.

பஸ்ஸில் திரும்பியவன்