அடுப்புக்கு மேல் காய்ந்த துணிகள்

அன்று அரியலூர் பஸ் ஸ்டாண்டில், விக்கிரமங்கலம் பஸ்ஸுக்காக நின்றபோது, உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: இனி என்னால் முடியாது, அத்தை.

நான்காவது கருவும் கலைந்து, திருச்சியில் லேடி டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆறு மாதம் போகட்டும், மறுபடி பார்க்கலாம் என்று அவர் சொன்னதற்கு நீங்களும் தலையாட்டினீர்கள், நானும் தலையாட்டினேன். உங்கள் ஒரே மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள் வேறென்ன செய்வேன்? பஸ் வரும்வரை, கையிலிருந்த நாவலில் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி நின்றேன். நீங்கள் மோர் வாங்கிக் கொடுத்தீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது நாங்கள் இருக்கும் பெரம்பலூரில் நான்கு நாளாக விடாத மழை. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. அதன் துணிகளை விறகடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுகிறார்கள். புகை ஏறிய அந்தத் துணி வாசனை இங்கே வரை வருகிறது. காலையிலிருந்து உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, நைந்த வேட்டிதான் உடம்புக்கு இதம் என்பீர்கள். மாமா இறந்த பிறகு அவர் வேட்டிகளை அதற்காகவே யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தீர்கள். நான் முதல்முறை உண்டானதும் அவற்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, அலசி, வாசலில் காயப்போட்டீர்கள். மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொன்னவரும் நீங்கள்தான். துணிகளைப் பார்த்துத் தெருவே வந்து விசாரித்தது. பத்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

"எம் புத்தி. வெளியில காயப்போட்டு ஊருக்கே காட்டிட்டேன்" என்று, பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னீர்கள். கண்ணேறு என்பதை நான் நம்பியதில்லை. உங்கள் அறியாமை என்றுதான் நினைத்துக்கொண்டேன். பழியை நீங்களே எடுத்துக்கொண்டதால் என் மேல் போட ஊருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பது வெகு காலம் கழித்தே புரிந்தது.

அடுத்த மூன்று முறையும் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்புக்கு மேலேதான் காயப்போட்டீர்கள். மூன்று முறையும் மடித்துத் தகரப்பெட்டியில் திரும்ப வைத்தீர்கள்.

திருச்சியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் உங்கள் ஓரகத்தி வந்தார். பையனுக்கு வேறொரு இடம் பார்ப்பது பற்றி, என் காதில் விழும்படி மெதுவாக ஆரம்பித்தார்.

"எம் மவன் என்ன பொலிகாளையா, ஊரு ஊரா ஓட்டிட்டுப் போவ? காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு" என்றீர்கள்.

மறுநாள் காலையில் தகரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்த முறைக்கு இப்போதே தயாராகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் துணிகளை அள்ளி வந்து அடுப்படியில் போட்டீர்கள். பானையில் சோறு வெந்திருந்தது.

"ரெண்ட எடுத்து மடிச்சுப் புடிச்சு எறக்கு. சுடும்."

நான் அசையவில்லை. அவை மாமாவின் வேட்டிகள்.

"அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. நாலு தடவ நீ செத்துப் பொழச்சத நான்தானே கூட இருந்து பாத்தேன். இனிமே வேணுமா வேண்டாமான்னு நீயும் அவனும் பேசிக்கங்க. மறுபடி ஆசை வந்தா வரட்டும். உம் புருசன் என்ன, வேட்டி கட்டுறதயா வுட்டுட்டான்? அதக் கிழிச்சுக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். ஒரு மாதத்தில் அன்றுதான் சிரித்தேன்.

அந்தத் துணிகளில் ஒன்று, ஓரம் கருகியது, இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை உங்களிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அன்று பானையை இறக்கி வைத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் குழந்தைக்கு முயலவில்லை.