உள்ளோரம் தேய்ந்த டயர்

ஷார்ஜா, 1984

அன்புள்ள கரீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் இருமல் குறைந்ததா? உம்மாவின் முட்டிவலி எப்படி? எனக்கு இங்கே குறையில்லை.

நேற்று பட்டறைக்கு, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார் ஒன்று வந்தது. சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, டயரின் உள்ளோரம் மொட்டையாகிவிட்டது. சாய்வைத் திருத்துகிற போல்ட்டை மாட்டினால் போதும் என்றார் சொந்தக்காரர். தேய்மானத்தைத் தடவிப் பார்த்தேன். இவ்வளவு சாய்வு போல்ட்டுக்கு அடங்காது, சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஆர்மையே, நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வாங்கணும் என்றேன்.

“இன்னா பாய், டயரப் பாத்தே வண்டி நடையச் சொல்றே!” என்று சிரித்தார் கூட வேலை செய்யும் நம்மூர் கௌஸ் மைதீன்.

அவர் அடுத்த மாதம் பழவேற்காடு வந்து திரும்புகிறார். அவரிடம் கருவாடு கொடுத்தனுப்ப வேண்டாம். நம் மகள் பரக்கத் நடக்கிறதை நான் இன்னும் பார்க்கவில்லை. அவள் போட்டுத் தேய்ந்த செருப்பைக் கொடுத்தனுப்பு. கழுவிவிடாதே.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

அப்துல் ஹை