கிறிஸ்தோப்பர் விழுங்கிய வரி

பலர்மோ, இத்தாலி
6 யூன் 2004

அன்புள்ள அப்பப்பாவுக்கு,

மடு மாதா துணை. போனில் உங்களுக்குக் காது கேளாது. அப்பாவோ போனுக்கே வருகிறார் இல்லை. அதனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததை நம்பி எழுதுகிறேன். இதை உங்களுக்கு வாசிக்கப் போகிறவர் யாரென்று தெரியும். பிழையிருந்தால் அவரே திருத்தட்டும்.

"எங்கடை சனம் வீடு துடைக்கப் போற ஊருக்கு நீ கட்டடக்கலை படிக்கப் போறியோ?" என்று கேட்டுவிட்டு அப்பா என்னோடு கதையை நிறுத்தினார். கள்ளரும் குப்பையும்தான் இருக்கும் என்று நானும் பயந்துதான் வந்தேன். போன ஞாயிறு எங்கள் வகுப்பை மலைமேல் உள்ள புனித ரொசலியா கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பார்த்தால், வெறுங்காலோடு ஏறுகிறது எங்கள் சனம்! திருநீறு பூசினவர்களும் மெழுகுதிரியோடு போகிறார்கள். பேராசிரியர் என்னை முன்னுக்கு விட்டு, எங்கள் வழக்கங்களை என்னிடம் ஒவ்வொன்றாய்க் கேட்டறிந்தார்.

எங்கள் விடுதியைத் துடைக்கிற அக்னெஸ் அக்கா மன்னார் ஆள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வீட்டில் வைத்துக் கஞ்சி தந்தார். இப்போது சுகம்.

அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? என்னைப் பற்றி ஒருதரமாவது கேட்டாரா?

உங்கள் பேத்தி
றொஷினி


மொன்றியல்
19 யூன் 2004

என் செல்லம் றொஷினிக்கு,

எழுத்தறியாத அப்பப்பா சொல்லச் சொல்ல, என் மகன், உன் கொப்பர் எழுதுவது. கர்த்தர் கிருபையால் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம்.

உன் காகிதத்தைக் கொப்பர் ஒருதரம் வாசித்தார். எனக்கு ஒருதரம் கேட்டால் பாடமாகிவிடும், தெரியும்தானே. ஆனாலும் ஆசையில், பக்கத்து வீட்டுப் பிலோமினம்மாவைக் கொண்டு திரும்ப வாசிப்பித்தேன். கடைசியில் ஏதோ கூடுதலாக வந்தது.

"என்ன பிலோமினம்மா, உம்மடை பாட்டுக்குச் சேர்க்கிறீரோ?"

"எனக்கென்ன விசரோ? இந்தா, எழுத்திலை கிடக்கு!"

ஆர் விழுங்கினது என்று அப்போதே விளங்கிவிட்டது. இந்த இடத்தில் கொப்பர் பேனையை நிறுத்துகிறார். "எழுதடா, கிறிஸ்தோப்பர்" என்றேன். எழுதுகிறார்.

நீ கேட்ட அந்தக் கடைசி வரிக்கு மறுமொழி இதுதான். வாயால் கேட்கவில்லை. ஆனால் வேலையால் வந்தால், தொலைக்காட்சியில் இத்தாலியின் வெயில் மழை சொல்லும்வரை சோற்றில் கை வைக்கிறார் இல்லை. "டோர்வல் எயார்போட்டிலை நீ பிளேன் துடைக்கிறாய், அந்தச் சனம் வீடு துடைக்குது. அதிலை என்ன குறை கண்டனி?" என்று கேட்டேன். "குறையில்லை அப்பு. அவளாவது இந்தத் துடைக்கிற வேலைப் பக்கம் தலைவைக்காமல் இருக்கட்டும் எண்டுதான்" என்றார். இதையும் எழுத வைத்திருக்கிறேன்.

தாயில்லாப் பிள்ளைக்குக் கஞ்சி வார்த்த அக்னெசின் கை நல்லாயிருக்க வேணும். அவவின் பேரில் ஞாயிறு பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த ஊருக்கும் என் கும்பிடு.

இனி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, படுக்கப் போகிறேன். கடுதாசியில் இன்னும் இடம் கிடக்குதாம்.

அன்புடன் அப்பப்பா
வலன்ரைன்

றொஷினி,
அக்னெஸ் வீட்டு நம்பரை அனுப்பு. அவவுக்கு நான் நன்றி சொல்ல வேணும். நான் போன் எடுக்கிற நேரம் நீயும் அங்கே நில், பிள்ளை.
அப்பா